பீரோ நின்ற இடம்

டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேள் மகளே. போலீஸ் ஸ்டேஷன் டீயில் இஞ்சி போட மாட்டார்கள், இவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும். தமிழ் எழுதத் தெரிந்தவள் என்று உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள். கை வலிக்காமல் மெதுவாக எழுது.

என் வீட்டுக்காரர் கரீம் பாட்சாவுக்குத் தாராவியில் தோல்பைப் பட்டறை. கீழே பட்டறை, மேலே நாங்கள். எண்பத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில் அவருக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. பிழைத்துக்கொண்டார். பார்வையும் பழுதில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் இன்னதென்று தெரியவில்லை. டாக்டர் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார்.

"பளபளன்னு இருக்கு. ஓரத்துல பல்லு பல்லா இருக்கு. என்னன்னு தெரியல."

டாக்டர் அதைக் குலுக்கினார்.

"அட, எங்க பட்டறைச் சாவியில்லா."

கண் பார்த்ததை மூளை சேர்த்துக் கட்டவில்லை, காதும் கையும் சொன்னால்தான் புரியும் என்றார் டாக்டர். அவ்வளவு படித்தும் இதை நம்பினார், பாவம்.

நான் நம்பவில்லை. தடவிப் பார்த்தே வெள்ளாட்டுத் தோல், செம்மறித் தோல் என்று பிரிக்கிற மனுஷனுக்குக் கூடவே வாழ்ந்தவள் முகமா தெரியாது?

பக்கத்து வீட்டு மதீனா பீவிக்கு அண்ணன் முறையில் அவர் காக்கா, அக்கா முறையில் நான் லாத்தா. ஒருநாள் கேட்டாள். "காக்கா, லாத்தா நிக்கிறது தெரியுதா ஒங்களுக்கு?"

"வளையல் சத்தம் கேட்டா ரஷீதா. இல்லேன்னா பீரோ நிக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

சந்தே சிரித்தது. அப்புறம் குழாயடியில் நான் குடத்தோடு போனாலே, "பீரோ வருது, வழிய விடுங்க" என்பார்கள். அப்படிச் சொல்லாதீங்க மச்சான் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

"கோவப்படாத புள்ள, உறுதியான பீரோதான்" என்றார்.

அதனால் சோதித்துப் பார்க்க நினைத்தேன். எங்கள் மாடித் தரையில் சதுரமாக ஓர் ஓட்டை, அதில் செங்குத்தாக இரும்பு ஏணி. பிடித்து இறங்க ஓட்டைக்கு இந்தப் பக்கம், நாங்கள் நடந்து வருகிற பக்கம், ஒரு கயிறு தொங்கும். மாடியெங்கும் கறுப்புத் தோல் விரித்துக் கிடக்கும். எது தோல், எது ஓட்டை என்று அவர் கண் சொல்லாது. கையை நீட்டிக்கொண்டே வருவார், கயிறு தட்டுப்பட்டதும் நிற்பார்.

வெள்ளிக்கிழமை, பட்டறை ஆட்கள் ஜும்மா தொழுகைக்கு முன்னாடியே போய்விட்டார்கள். கயிற்றை அவிழ்த்து ஓட்டைக்கு அந்தப் பக்கம் கட்டினேன். ஓர் எட்டுதான் தள்ளி. நடிக்கிறவர் என்றால் நின்றுவிடப் போகிறார். கீழே இறங்கி ஓரமாக நின்றேன்.

"ரஷீதா, கீழ நிக்கியா? சத்தத்தையே காணோம்."

நான் பேசவில்லை.

"சரி, பீரோதான் போல" என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். வந்தார். நிற்கவில்லை.

தோல் அடிக்கிற கல்லில் தலை பட்டது. நடிப்பில்லை என்று தெரிந்தது. டாக்டருக்கு மாதக்கணக்கில் ஆனது எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது.

கயிற்றை நான் திரும்ப மாற்றக்கூட இல்லை. அதைப் பிடித்துத்தான் சந்து முழுக்க ஏறி இறங்கியது. புருஷன் மௌத்தானவள் வீட்டோடு ஒதுங்கி இருக்கிற இத்தாவில் நான் உட்காருமுன் என் வளையல்களைக் கழற்ற மதீனா பீவி கையைப் பிடித்தாள். கை வெறுமையாக இருந்தது. "பாருங்க, யாரும் சொல்லுமுன்ன தானே கழட்டிட்டா, எங்க லாத்தா" என்று விம்மினாள். எல்லோரும் அழுதார்கள். எல்லோருக்கும் நல்ல கண், நல்ல மூளை. வெறுங்கையைப் பார்த்தார்கள், துக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை. வீட்டுக்கு வந்த போலீஸில் நீ ஒருத்திதான் நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தாய்.

வெறும் சோதனை என்றால் வளையலை எதற்கு முன்கூட்டியே கழற்றினாய் என்கிறாய். கண்ணாடி வளையல், மகளே. மாஹிம் தர்கா வாசலில் அவர் வாங்கிக் கொடுத்தது. கயிறு கட்டும்போது உடைந்துபோகுமே என்றுதான். அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது, போய்ப் பார். பிரியம் இல்லாதவள் அப்படி வைப்பாளா?