வெள்ளிக்கிழமைக்காரர்

சீனி போட்டுக்கொள்ளுங்கள், எனக்குத்தான் கூடாது. பேசுவதற்கு நிறைய நேரம் இருக்கிறது. ஓய்வுபெற்ற பேராசிரியரைத் தேடிப் புளியந்தீவுக்கு யாரும் வருவதில்லை, வந்தாலும் மருந்துச் சீட்டுக்குத்தான் வருவார்கள். பல்கலைக்கழகம் விசாரிக்க ஆள் அனுப்புகிறது என்றதும் தலை நரைத்த ஒருவரை எதிர்பார்த்தேன். நீங்கள் என் கடைசி மாணவர்களைவிட இளையவராக இருக்கிறீர்கள். அந்த ஒலிப்பதிவுக் கருவியை மேசையிலேயே வையுங்கள். நான் மெதுவாகப் பேசுகிறவன், அது பக்கத்தில் இருப்பது நல்லது.

உங்கள் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது. என் கட்டுரையின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் இருந்த திகதிகளை எடுத்துப் பழைய கலண்டரோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். பாம்புக்கடிக்கு மருந்து கிடைக்காதவர்கள் என்ற பகுதியில் முப்பது பேர். முதல் பதினொரு பேரை விட்டால் மிச்சம் பத்தொன்பது. அதில் பதினெட்டுப் பேர் வியாழனிலோ வெள்ளியிலோ ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஒருவர் மட்டும் சனிக்கிழமை வந்தவர். ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவரும் கேட்காத கேள்வி. ஒழுங்காக வேலை செய்கிற ஆளைக் கண்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

தொண்ணூற்றாறில் நான் இங்கிலாந்திலிருந்து திரும்பினேன். பாம்பு விஷத்தில் கலாநிதிப் பட்டம் இருந்தது. ஆனால் வைத்திய நிபுணர் ஆவதற்கான ஆஸ்பத்திரி வாட்டுப் பயிற்சி பாதியில் நின்றது. வெளிநாட்டு நிதியில் ஒரு பதவி தந்தார்கள்: ஒரே ஆள் வைத்தியனாகவும் பயிற்சி பெற வேண்டும், ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். இப்படிப் பதவி வாங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வாட்டில் நிற்கும்போது ஆய்வுகூடத்தை யோசிப்பார்கள், ஆய்வுகூடத்தில் வாட்டை யோசிப்பார்கள், கடைசியில் இரண்டையும் கெடுத்துவிடுவார்கள். நான் அப்படி ஆகக்கூடாது என்று கிழமையைப் பிரித்தேன். சனி முதல் புதன் வரை வைத்தியன். வியாழன், வெள்ளி ஆராய்ச்சியாளன். அட்டவணையைத் தட்டச்சில் அடித்து என் அறைக் கதவில் ஒட்டினேன்.

ஆஸ்பத்திரி வாவிக்கு மேற்கே, வவுணதீவையும் தாண்டி உள்ளே இருந்தது. இருபது கட்டில்கள், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டி, ஒரே டொக்டர் நான். தாதியரில் மூத்தவ புஸ்பம் மிஸி. சுற்றிலும் வயல், ஆகவே கண்ணாடி விரியன் கடிக்குக் குறைவே இல்லை. எனக்கு அனுமதி கிடைத்த ஆராய்ச்சி மிகவும் சாதாரணமானது. விஷமுறிவு மருந்து பத்துப் போத்தல் ஏற்றினால் நல்லதா, ஐந்து போதுமா என்று பார்ப்பது. அதில் யாருக்கும் ஒரு தீங்கும் வந்திருக்காது.

தொண்ணூற்றேழு மாசியில், அறுவடை நேரத்தில், மருந்து லொறி ஐந்து கிழமை வரவில்லை. சண்டை, பாதை மூடல், உங்களுக்குத் தெரிந்த கதைதான். அந்த ஐந்து கிழமையில் பதினொரு பேரைக் கொண்டுவந்தார்கள். கொடுக்க ஒன்றும் இல்லை. சேலைன் ஏற்றி, பக்கத்தில் இருந்து, மணிக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பேன். உறைந்திருந்தால் ஆள் தப்பலாம். தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது. நான்கு பேர் இறந்தார்கள். நான் அழுதேன், நம்புவது உங்கள் விருப்பம்.

ஆனால் ஏழு பேர் தப்பினார்கள், அதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். மருந்தே ஏற்றாத உடம்பில் விஷம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று மணிக்கணக்கில் குறித்த பதிவு வேறு எங்கும் கிடையாது. எந்த நாட்டிலும் எந்தக் குழுவும் அதற்கு அனுமதி தராது. சண்டை அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்திருந்தது. இங்கிலாந்தில் இருந்த என் பேராசிரியருக்கு எழுதினேன். அருமையான தரவு, பதினொன்று போதாது, முப்பது இருந்திருந்தால் உலகமே பார்த்திருக்கும், கவலையான விஷயம் என்று பதில் போட்டார். நல்ல மனிதர், ஒன்றும் நினைத்து எழுதவில்லை.

லொறி பங்குனியில் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். போத்தல்களைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இனிமேல் கிழமைப் பங்குதான், சனிக்கிழமை காலையில் புதுப் பங்கு திறக்கும், தீர்ந்துபோனால் அடுத்த சனிதான் என்று புஸ்பத்திடம் சொன்னேன்.

ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். அரிசி பங்கு, மண்ணெண்ணெய் பங்கு, சவர்க்காரம் பங்கு என்று வாழ்ந்த சனம். புதன்கிழமையோடு மருந்து முடிந்துபோகும் என்றதும் ஓம் என்று தலையாட்டினார்கள். யாரைப் பார்த்தாலும் முகத்தில் ஒரே பதில்தான், எங்களுக்குக் கிடைக்கிறது இவ்வளவுதான் என்று. அந்தப் பொய்யை நான் உருவாக்கவில்லை, ஏற்கெனவே தைத்துவைத்த சட்டை மாதிரி இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

சனி முதல் புதன் வரை வந்தவர்களுக்கு நானே திறந்து எடுத்து ஏற்றினேன். வியாழனும் வெள்ளியும் வந்தவர்களுக்குச் சேலைனும் கண்ணாடிக் குழாயும். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று நான் தெரிவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழை, பணக்காரன், எனக்குத் தெரிந்தவன், தெரியாதவன் என்று ஒரு பாகுபாடும் இல்லை. நாள்தான் தீர்மானித்தது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரித் தோட்டக்காரன் கந்தப்போடியையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழகிய ஆள், மனம் கேட்கவில்லை. என்றாலும் திறப்பை எடுக்கவில்லை. அவன் தப்பினான். அன்று என் நேர்மையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்கழியில் என் கணக்கு இருபத்தெட்டு. பிறகு ஆட்கள் குறைந்தார்கள், தை முழுவதும் ஒரே ஒருவர்தான். மாசியில் அறுவடை தொடங்கியும் வியாழன், வெள்ளியில் வாட்டு காலியாகக் கிடந்தது. தை முழுவதும் ஒரே ஒருவர்தான். நிதி சித்திரையோடு முடிகிறது, நான் திரும்ப இங்கிலாந்து போக வேண்டும். புஸ்பம்தான் காரணத்தைச் சொன்னா.

“வயல் வட்டைக்குள்ள வியாழனும் வெள்ளியும் இப்ப ஒருத்தரும் இறங்குறல்ல ஐயா. மருந்து இல்லாத நாளில என்னத்துக்குப் பாம்புக்குள்ள கால வைக்கிற எண்டு சனம் பேசுது. கூலிக்குப் போறாக்களும் அந்த ரெண்டு நாளும் மாட்டம் எண்டு சொல்லிற்றாங்க.”

உங்களுக்கு முன்னாலேயே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், பாருங்கள். கதிர் முற்றி உதிர்கிற நேரத்தில் ஒரு ஊரே கிழமையில் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்கவில்லை. மருந்து பெற்றவர், பெறாதவர் என்ற இரண்டு பகுதியையும் நாள்தான் பிரிக்க வேண்டும், அதில் நோயாளியின் விருப்பம் கலந்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகும். அவர்கள் என் ஆராய்ச்சியில் கைவைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

இனி உங்கள் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஆறரைக்கு உழவு இயந்திரப் பெட்டியில் நல்லரத்தினம் என்ற விவசாயியைக் கொண்டுவந்தார்கள். வயது நாற்பது இருக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் முதல்நாள் பின்னேரம் சூட்டை மூடப் போயிருக்கிறார், அறுத்துக் குவித்த கதிரைத்தான் சொல்கிறேன். குவியலுக்குள் கைவைத்தபோது விரியன் கடித்திருக்கிறது. கை முழங்கை வரை வீங்கி, பல் முரசில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கூட வந்தவ அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை. அவசரமாகப் புறப்பட்டு வந்திருக்கிறா, ஆனால் முகத்தில் பதற்றம் இல்லை, ஒரு காரியத்தைச் சரியாகச் செய்து முடித்தவ மாதிரி நின்றா.

“ஐயா, இண்டைக்குச் சனிதானே,” என்றா. “ராவைக்கே கொண்டு வருவம் எண்டு இவர்ர தம்பி நிண்டான். நாந்தான் விடல்ல. வெள்ளியில கொண்டு போனா சும்மா படுக்க வெச்சிப் பாத்திற்று இரிக்கணும், விடியட்டும் எண்டன். பரிகாரியாரைக் கூப்பிட்டு மருந்து கட்டி வெச்சிரிந்தம். கிழக்கு வெளுக்க வெளிக்கிட்டுட்டம் ஐயா.”

புஸ்பம் அதற்குள் சேலைன் ஏற்றிவிட்டு என் முன்னால் கையை நீட்டினா.

“திறப்பத் தாங்க ஐயா.”

குளிர்ப்பெட்டியில் நாற்பத்திரண்டு போத்தல்கள் இருந்தன. அவருக்குப் பத்துப் போதும். பன்னிரண்டு மணித்தியாலம் கழிந்திருந்தாலும் அந்த நிலையில் மருந்து வேலை செய்யும், அதற்கு முந்திய கிழமைதான் அப்படி வந்த ஒருவர் எழும்பி நடந்து வீட்டுக்குப் போனார்.

நான் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், நீங்கள் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள். சனிக்கிழமை நான் வைத்தியன். ஆனால் இவரைப் பாம்பு கடித்தது வெள்ளிக்கிழமை. நாள் இவரை வெள்ளியில் போட்டது, மனைவி தூக்கிச் சனியில் வைத்திருக்கிறா. அவ அப்படிச் செய்யாவிட்டால் இவர் நேற்றே என் வாட்டில் மற்றப் பகுதியில் இருந்திருப்பார். யாரோ நடுவில் புகுந்து இடம் மாற்றினால் ஆளை முதலில் இருந்த இடத்திலேயே எண்ண வேண்டும் என்பது ஆராய்ச்சியில் ஒரு விதி, உங்களுக்கும் படிப்பித்திருப்பார்கள். ஆகவே இவர் வெள்ளிக்கிழமைக்காரர்.

“இந்தக் கிழமைப் பங்கை நிப்பாட்டி வைக்கச் சொல்லிப்போட்டாங்க,” என்றேன். “நேற்றுத்தான் கடிதம் வந்தது.”

புஸ்பத்தின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. அந்த வாரம் தபால் வரவில்லை என்பது அவவுக்குத் தெரியும். என்னைப் பார்த்தா, என் சட்டைப் பையைப் பார்த்தா. பிறகு போய்க் கண்ணாடிக் குழாய்களைக் கழுவத் தொடங்கினா. அடுத்த மாதம் மாற்றம் கேட்டுப் போய்விட்டா, என்னோடு அதற்குப் பிறகு வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

மணிக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்தேன். ஒரு தடவையும் உறையவில்லை. பத்து மணிக்குச் சிறுநீர் சிவந்தது, மத்தியானம் நின்றுபோனது. இலட்சுமிப்பிள்ளை கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. நான் வரும்போதெல்லாம் எழும்பி நிற்பா. நான் நன்றாகப் பார்க்கிறேன் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தா. உண்மையில் நன்றாகத்தான் பார்த்தேன், அந்த நாளின் குறிப்புகள் என்னிடம் உள்ளவற்றில் மிகத் துப்புரவானவை. பின்னேரம் நாலு மணிக்கு அவர் இறந்தார். பத்தொன்பது பேரில் இறந்த எட்டாவது ஆள். முப்பதாவது எண்.

உடலைக் கொண்டுபோக முன்னம் அவ என் அறைக்கு வந்தா. உட்காரச் சொன்னேன், இருக்கவில்லை.

“ஒண்ட மட்டும் கேக்கட்டுமா ஐயா. நான் பிந்திற்றனா? வெள்ளியே கொண்டு வந்திரிக்கணுமா?”

அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் ஒரு பதில்தான் உண்டு, எந்தப் புத்தகத்திலும் பாருங்கள்.

“ஓம் அம்மா,” என்றேன். “நேரத்தோட கொண்டு வந்திருந்தா தப்பியிருப்பார்.”

மரணப் பத்திரத்திலும் தாமதமான அனுமதி என்றுதான் எழுதினேன்.

கட்டுரை வந்தது, பதவி வந்தது. விரியன் கடிக்கு மருந்தைத் தாமதிக்கவே கூடாது என்று முதன்முதலில் சரியான எண்களோடு காட்டியது நான்தான். அது எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். குளிர்ப்பெட்டியில் மிஞ்சிய போத்தல்கள் காலாவதியாகி, நான் போன பிறகு புதைத்தார்களாம்.

இலட்சுமிப்பிள்ளை இப்போது வெல்லாவெளியில் மகளோடு இருக்கிறா. பிரஷர் கூடியபோது மகள் என் கிளினிக்குக்குக் கூட்டிவந்தா. என்னை உடனே அடையாளம் கண்டு கையெடுத்துக் கும்பிட்டா. நாலு வருடமாக மாதம் ஒருமுறை வருகிறா. குளிசையை எழுதும்போது ஒவ்வொரு முறையும் அதே பேச்சுத்தான்: “நாந்தானே ஐயா அவரச் சாகடிச்சன். விடிய மட்டும் வீட்ட வெச்சிரிந்தன்.” மகளும் அதை நம்புகிறா. தாயோடு அவ அதிகம் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டு பிரஷர் பார்ப்பேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மருந்து இருந்தது. திறப்பு என்னிடம் இருந்தது. பத்தொன்பது பேருக்கு அதை நான் கொடுக்கவில்லை, அதில் எட்டுப் பேர் செத்தார்கள். நல்லரத்தினத்தைக் கொன்றது அவருடைய மனைவி இல்லை, நான். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், வெல்லாவெளிக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவவுடைய டொக்டர் என்ற முறையில்தான் கேட்கிறேன், இந்தப் பிரஷருக்கு அவவால் இதையெல்லாம் தாங்க முடியாது.