லொங்கார்

போல்ட்டை முறுக்கக் கை பலம் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், சார். வேண்டியது பொறுமைதான். போல்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, முதலில் எல்லாவற்றையும் விரலால் ஏற்ற வேண்டும். பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். குறித்த அளவு வந்ததும் அது ‘டிக்’ என்று சொல்லும். அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது. காப்பாரில் எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக நான் அப்படித்தான் வேலை செய்தேன். இந்த ரெங்கசாமி முறுக்கிய கியர்பாக்ஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பட்டறையில் மெக்கானிக் என்றால் நானும் லோகனும்தான். வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர், கியர்பாக்ஸின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் ‘எல்’ என்று எழுதிவைப்பது எங்கள் வழக்கம். எல் என்றால் லொங்கார், மலாய்ச் சொல். உள்ளே தளர்வாக இருக்கிறது, மூடாதே என்று பொருள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான்.

போன விசாரணையில் உங்களிடம் வேறு மாதிரி சொன்னேன். எல் என்றால் லோகன், வேலையை முடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருக்கிறான் என்று நினைத்து மூடிவிட்டேன் என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

தாமரை எங்கள் வாடிக்கையாளர், பாலர் பள்ளி ஆசிரியை. அந்தப் பிள்ளை பழைய மேனுவல் கார் வைத்திருந்தது. வாரம் மூன்று தடவை அம்மா நல்லம்மாளைக் கிள்ளானுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அந்தக் காரில்தான். நல்ல பிள்ளை. வந்தால் சிரித்த முகமாக, “லோகன் அண்ணே இல்லையா? பரவால்ல அண்ணே, வெயிட் பண்றேன்” என்று சொல்லும். கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டி வந்த அன்று என் பக்கத்தில் வந்து, “தப்பா நெனச்சுக்காதீங்க லா அண்ணே, இத லோகன் அண்ணேவே பாக்கட்டும்” என்றது. சரிம்மா என்றேன். எனக்குக் கோபம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட ரெங்கசாமி இருக்கிறாரா என்று கேட்டு வந்ததில்லை. அதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

லோகன் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிரவுன் வீல் பற்சக்கரத்தில் பத்துப் போல்ட்டையும் விரலால் ஏற்றி முடித்த நேரம், அவன் மனைவி லோகேஸ்வரிக்கு வலி கண்டுவிட்டதாகப் போன் வந்தது. கையைத் துடைத்தான், டேப் ஒட்டினான், எல் எழுதினான், ஓடினான். அதன்பின் இரண்டு வாரம் லீவு.

அன்று மாலையே நான் மூடியைப் பொருத்தினேன். மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராக, முறைப்படி முறுக்கினேன். ஒவ்வொன்றும் டிக் என்றது. வெளியே ஒரு குறையும் இல்லை என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. மூன்றாம் நாள் காரைக் கொடுத்தேன். “லோகன் முடிச்சிட்டாரும்மா” என்றேன். அந்த முகம் மலர்ந்தது.

சத்தம் வரும், கார் திரும்பி வரும், லோகனின் முகம் சுருங்கும். அவ்வளவுதான் நினைத்தேன். போல்ட் ஒன்று கழன்று உள்ளே இடித்தால் முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, காப்பார் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. நல்லவேளை, காரில் தாமரை மட்டும்தான். அப்படிச் சொல்லக் கூடாது, தெரியும்.

சாவு வீட்டில் நல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாச்சும் ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா தம்பி?” என்று கேட்டார். பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட மூன்று முறை முறுக்கிப் பார்க்கிறேன்.

மனைவியைப் பார்க்க ஓடிய அன்று மாலை எனக்குப் போன் செய்து, உள்ளே லொங்கார் என்று சொன்னதாக லோகன் உங்களிடம் சொன்னான். ஒரு நிமிஷம் பத்து விநாடி பேசியதாகப் பதிவு இருக்கிறது. குழந்தை பிறந்ததை மட்டும்தான் சொன்னான் என்றேன் நான். போன வாரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

“லொங்கார்னு சொன்னேன்தானே ரெங்கா? இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு லா.”

“சந்தோஷத்துல மறந்திருப்ப.”

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். திங்கட்கிழமை கோர்ட்டில் தவறு தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான். போகும்போது, கூடவே இருந்ததற்கு எனக்கு நன்றியும் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

அவன் மறக்கவில்லை, சார்.

“பொம்பளப் புள்ள ரெங்கா. இந்தா கேளு, தாமரை வண்டிய மூடிடாத. உள்ள எல்லாம் லொங்கார். யாராச்சும் முறுக்கணும்.”

அப்போது என் கையில் டார்க் ரெஞ்ச் இருந்தது. மூடியில் இன்னும் மூன்று போல்ட் பாக்கி. திரும்பத் திறந்து பத்தையும் முறுக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

“தெரியும் லா, நீ புள்ளையப் பாரு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அந்த மூன்றையும் அளவாக முறுக்கினேன்.