ஆடி மாதம் நான் கணவர் வீட்டில் இல்லாத காரணம்

என் பெயர் வான்மதி. கணவர் பெயர் தனேஷ். எனக்கு வயது இருபத்தேழு. மலேசியாவில், கிள்ளான் பண்டமாரானில் என் மாமியார் இராஜம்மா வீட்டில் கணவரோடு குடியிருக்கிறேன். சொந்த ஊர் தமிழ்நாட்டில் பேராவூரணி. அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். இங்கே எனக்குத் தொழில் இல்லை, என் தற்காலிக விசா பாஸில் வேலை செய்ய அனுமதி கிடையாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் புனிதா இமிகிரேஷன் அதிகாரிக்கு மலாயில் சொன்னார். யாரும் என்னை மிரட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

என் கணவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். தை மாதம் பேராவூரணியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு நான் இங்கு வந்து, இங்கும் கல்யாணத்தைப் பதிவு செய்து, மனைவி பாஸுக்கு மனுப் போட்டோம். அதிலிருந்து எங்கள் பிழைப்பு இமிகிரேஷன் கவுண்டரில்தான். ஒரு முறை போட்டோ சரியில்லை, ஒரு முறை கணவரின் சம்பளச் சீட்டு பழையது, ஒரு முறை எல்லாம் சரி, ஆனால் அன்றைக்கு வரிசை நம்பர் தீர்ந்துவிட்டது. கணவரும் நேரில் வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் லீவு போட்டார். இந்த ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் விசா வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

அதன் பிறகு ஆடி வந்தது. புதிதாகக் கல்யாணமான பெண்ணை முதல் ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். இந்த இடத்தில் அதிகாரி, கிள்ளானில் எல்லா மாதமும் ஒரே வெயில்தானே என்று கேட்டார். அதைத்தான் நானும் கேட்டேன் என்று பதில் சொன்னேன்.

மனு முடிவாகும் முன் நாட்டை விட்டுப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று பயந்து நான் ஊருக்குப் போகவில்லை. அதனால் மாமியார், "தாய்வீடு இல்லாட்டி என்ன, என் நாத்தனார் வீடு இருக்குல்ல" என்று சொல்லி, காலமான மாமனாரின் தங்கை, எனக்குச் சித்தி முறையாகும் மலர் சித்தி தனியாக இருக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஆடி முடியும்வரை மகன் அந்தப் பக்கம் வரக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். மாமியார் கெட்டவர் அல்ல. என் துணிகளை அவரே மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான்.

அதன் பிறகு, நாங்கள் ஒன்றாக வாழ்கிறோமா என்று பார்க்க இரண்டு அதிகாரிகள் பண்டமாரான் வீட்டுக்கு வந்தார்கள். நான் அப்போது அங்கே இல்லை, கணவர் சொல்லித்தான் அறிவேன். மருமகள் எங்கே என்று கேட்டதற்கு மாமியார் பெருமையாக, "அவ இங்க இல்ல சார். ரெண்டு பேரும் பார்த்துக்கவே இல்ல, நான் விடல லா" என்று சொல்லி, வந்தவர்களுக்கு சிராப் கலக்கிக் கொடுத்திருக்கிறார். கணவரைக் கேட்டதற்கு, அம்மா பக்கத்தில் நின்றதால், அவரும் "ஆமா சார், பார்க்கல" என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் டன் கணக்கில் சரக்கைத் தூக்குகிற மனுஷன், அம்மாவுக்கு முன்னால் தலையைத் தூக்க மாட்டார். இதை எழுத வேண்டாம் என்று கேட்டேன். எழுதியாயிற்று என்றார்கள்.

அதன் பிறகு, பாஸுக்காகச் செய்த பொய்க் கல்யாணமோ என்ற சந்தேகத்தில் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என்னை நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

உண்மை என்னவென்றால், ஆடியில் என் கணவர் என்னைப் பார்க்க வந்தார். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்து வருவார். முதல் தடவை கதவைத் திறந்த மலர் சித்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கம்மா போன் போட்டா எனக்குப் பொய் சொல்ல வராதுடா. அதனால நான் எதையும் பார்க்கல. செந்தூல் வரைக்கும் போறேன், சாயங்காலந்தான் வருவேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு கணவர் வந்த நாளெல்லாம் சித்திக்குச் செந்தூலில் வேலை இருந்தது. செந்தூலில் அவருக்கு யாருமே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

ஆதாரம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். புருஷன் பெண்டாட்டியைப் பார்க்க வந்ததற்கு யார் ஆதாரம் எடுத்து வைப்பார்கள்? கிளினிக் கார்டைக் காட்டினேன். நான் கர்ப்பமாக இருக்கிறேன். டாக்டர் சொன்ன தேதி சித்திரையில் விழுகிறது. மாமியாருக்குத் தெரியாது. காலையில் வாந்தி எடுப்பதை கேஸ்ட்ரிக் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கணவர் இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டே இருக்கிறார். புனிதா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, "ஏன்க்கா, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிறது உங்க மாமியார்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஐயோ, அக்கா" என்றார்.

எனக்குக் கோபமெல்லாம் தீர்ந்து அலுப்புதான் மிஞ்சியிருக்கிறது. கணவரோடு இருந்தேன் என்றால் வீட்டில் குற்றம், இல்லை என்றால் இங்கே குற்றம், நான் எங்கே போய் நிற்பது? பிள்ளை பிறக்கும்போது அதன் அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

வாசித்துக் காட்டிய பிறகு சேர்க்கச் சொன்னது: புனிதா இதை எனக்கு உரக்க வாசித்தார். அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. கேஸ்ட்ரிக் என்ற இடத்தில் மாமியார் எழுந்து உள்ளே வந்துவிட்டார். "எத்தனை மாசம்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்து அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு விழப் போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதன் பிறகு அவர் அதிகாரியிடம், "சார், இது ஆடியில தங்கின பிள்ளைதான். எங்க வீட்டுப் பிள்ளை. எண்ணிப் பார்த்துட்டேன், நான் சாட்சி. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

இதில் இருப்பது நான் என் வாயால் சொன்னதுதான். கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வான்மதி
மொழிபெயர்த்தவர்: புனிதா
சாட்சி: இராஜம்மா, மாமியார்