ஊல்கான் வீட்டில் எல்லாம் இருக்கிறது

— ஊல்கான் அக்கா, நான் வீடு மாறி வந்துட்டேனா?

— ஏன் ஐஜான், வாசல் தெரியலையா? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா.

— போன வாரம் வந்தப்போ சேத்து வெள்ளம் எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போயிருந்துச்சு. நாலு சுவரும் நாலு புள்ளைங்களும்தான் மிச்சம். இதென்ன, மெத்தை கூரை வரைக்கும் நிக்குது?

— பன்னெண்டு. எண்ணிப் பாரு.

— ஃபிரிட்ஜ் வேற.

— அதை அப்புறம் பேசலாம். போர்சோக் பொரிச்சு வெச்சிருக்கேன், சூடா ஒண்ணு வாயில போடு.

— அக்கா, கேளுங்க. யாரு வரப்போறாங்கன்னு தெரியும்ல?

— தெரியாமயா? ஓஷ்லேர்ந்து நிவாரண அதிகாரி. அவ்ளோ தூரம் வர்ற மனுஷனை வெறும் தரையிலயா உக்கார வைக்கிறது? மேட்டுத் தெருவுலதான் வெள்ளம் ஏறலையே, அங்க போய் இரவல் வாங்கினேன்.

— அவர் வர்றதே அந்த வெறும் தரையைப் பாக்கத்தான்க்கா. மெத்தை இல்ல, அடுப்பு இல்லன்னு மனு எழுதினது நான். இதைப் பாத்தா பணம் கிடையாதுன்னுட்டுப் போயிடுவாரு. பனி விழுந்தா புள்ளைங்க எதுல படுக்கும்?

— ஐயோ. இப்ப என்னடி பண்றது?

— எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க. கால் மணி நேரம் இருக்கு.

— ஃபிரிட்ஜை நாலு ஆம்பளைங்க தூக்கிட்டு வந்தாங்கடி.

— அப்ப உண்மையைச் சொல்லிடுவோம்.

— வந்த விருந்தாளிகிட்ட, நீங்க குடிக்கிற கிண்ணம் என்னோடது இல்லன்னா? அதுக்கு நான் வெள்ளத்தோடயே போயிருக்கலாம்.

— வீட்டுல யாரும்மா? நிவாரண ஆபீஸ்லேர்ந்து வர்றேன்.

— வாங்கய்யா, வாங்க. கதவுக்கு எதிர்ல, அந்தப் பெரிய மெத்தையில உக்காருங்க.

— இருக்கட்டும்மா. ஒரு சுத்துப் பாத்துட்டு உக்கார்றேன். கம்பளம் மூணு. சரி. மெத்தை பன்னெண்டு. சரி, சரி. 'வீட்டில் ஒரு கரண்டிகூட இல்லை.' இதை எழுதின பொண்ணு யாரு?

— நான்தான்யா. ஐஜான்.

— அவளை விடுங்கய்யா. சூப்பு ஆறிடும்.

— சட்டியில 'சைரா'ன்னு பேர் வெட்டியிருக்கே?

— அது என் செல்லப் பேருய்யா.

— ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற கல்யாண போட்டோவும் நீங்கதானா?

— அப்ப கொஞ்சம் ஒல்லியா இருந்தேன்.

— மேட்டுத் தெருவுல ஒரு சைரா மனு போட்டிருக்காங்க. இப்ப அங்கிருந்துதான் வர்றேன். வீடு துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. ஃபிரிட்ஜ் நின்ன தடம் மட்டும் தரையில. அவங்க அழுத அழுகைக்கு எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

— அடிப்பாவி. ஒரு சல்லடை கேட்டாக்கூடக் குடுக்க மாட்டாளே, இன்னிக்கு மட்டும் எப்படின்னு நினைச்சேன்.

— அப்ப எங்க மனு என்னாகுங்கய்யா?

— சூப்பை ஊத்துங்கம்மா, பசிக்குது. உங்க மனுவுல 'ஒண்ணுமே இல்லை'ன்னு எழுதியாச்சு. சைரா மனுவுலதான் 'எல்லாம் இருக்கு, ஊல்கான் வீட்டுல'ன்னு எழுதணும்.