ஞானையா ஹெட்மாஸ்டரின் மூத்திர அளவு

முப்பது வருஷம் மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டினேன் சார். லிட்டர் கணக்கு எனக்கு அத்துப்படி. அதனால்தான் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

என் தங்கை தபீதாளின் புருஷன் ஞானையா, ரிட்டையரான ஹெட்மாஸ்டர். மூத்திரப் பாதையில் கிருமி. அஸ்தினாபுரம் வீட்டுக்கே வந்து நர்ஸ் ஜெரூஷா தினமும் ஊசி போட்டாள். தங்கைக்குக் கண்ணில் புரை. டாக்டர் என்னிடம்தான் சொன்னார்: "இந்த ஊசி சில பேருக்கு கிட்னியைக் கெடுக்கும் பெரியவரே. யூரினை அளந்து எழுதுங்க. அரை லிட்டருக்குக் கீழ போனா ஊசியை நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வாங்க. அஞ்சாம் நாள் ரத்தம் பாத்துக்கலாம்."

கெடுக்கும் என்று தெரிந்தே எழுதிக் கொடுப்பதற்குத்தான் அவருக்கு அத்தனை படிப்பு.

"மச்சானா எழுதறாரு? நம்பர் நேரா நிக்குதான்னு பாரும்மா. அவருக்கு ஒண்ணும் ஏழும் ஒண்ணுதான்" என்றார் மாப்பிள்ளை, படுத்த படுக்கையிலேயே. ஜெரூஷா சிரித்தாள். நாற்பது வருஷமாகக் கேட்கிற சிரிப்பு. கல்யாண வீட்டில்கூட பைபிளை நீட்டி, "ஒரு வசனம் வாசிங்க மச்சான்" என்பார்.

முதல் நாள் ஆயிரத்து நானூறு மில்லி. அப்படியே எழுதினேன். இரண்டாம் நாள் எழுநூறு. மூன்றாம் நாள் முந்நூறு, கட்டன் டீ நிறத்தில். இரண்டு நாளும் ஆயிரத்து நானூறு என்றே எழுதினேன். ஜெரூஷா தாளைப் பார்த்தாள், அளந்த ஜாடியைப் பார்க்கவில்லை. "நார்மல்தான் தாத்தா" என்று ஊசியை ஏற்றினாள். படித்தவர்களுக்குத் தாளில் இருந்தால் போதும்.

"அவர் மூஞ்சி உப்பிக்கீதே அண்ணா" என்றாள் தபீதாள்.

"படுத்துகினே துன்றார்ல, சதை போட்டிருக்கும்" என்றேன்.

நான்காம் நாள் ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. தாளில் அதே ஆயிரத்து நானூறுதான். மாப்பிள்ளை குமட்டிக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தார். "பரவால்லையே மச்சான், கையெழுத்து திருந்திடுச்சே" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அன்று சாயங்கால ஊசியையும் ஜெரூஷா போட்டாள்.

ஐந்தாம் நாள் ரத்தத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று டயாலிசிஸ். அதோடு மாப்பிள்ளை கதை முடிந்தது.

'பாவம், எங்கண்ணன் படிக்காதவர், தெரியாம எழுதிட்டார்' என்று தபீதாள் ஸ்டேஷனில் உங்களிடம் அழுதாளாமே. அவள் சொன்னதை எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள். அதற்குத்தான் நானே வந்தேன். அந்த வரியை அடியுங்கள் சார். தெரிந்துதான் எழுதினேன். அடித்துவிட்டு, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.