காற்றுப் புகாத பெட்டி

உங்கள் மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி கடகடக்கிறது, ஐயா. திருகாணி ஏதோ கழன்றிருக்கிறது. நீங்கள் அதைத்தான் பேஸ் முழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, ஊரே அப்படித்தான்.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளுகிற அளவு காற்றைப் பின்னாலும் தள்ளும். அதை வெளியே விடாமல் பெட்டி பிடித்துவைத்தால் பேஸ் அளவாக, சுத்தமாக வரும். பெட்டியில் ஓட்டை வைத்தால் சுருதி இன்னும் கீழே இறங்கும், கூடவே கொழகொழவென்றும் ஆகிவிடும். முப்பது வருடமாக நான் செய்வது மூடிய பெட்டி. நேற்று முளைத்த என் தங்கை புருஷன் ஓட்டைக் கட்சி.

கச்சேரி அரங்கத்துக்கு ஸ்பீக்கர் வாங்க அரங்கத்துக்காரர் வந்து, எங்கள் இரண்டு பேர் பெட்டியையும் பாடவிட்டுக் கேட்டார். "உங்க பெட்டியில உயிரே இல்லையேங்க" என்றார், பட்டறை ஆட்கள் எல்லார் முன்னாலும். ஆர்டர் அவனுக்குப் போனது. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பேஸ் தெரியாதவனைப் பார்த்து எனக்கென்ன பொறாமை?

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையில் நாங்கள் இருவர் மட்டும். "மனசுல வச்சுக்காதீங்க மச்சான். உங்க பெட்டிக்கும் ஒரு ஓட்டை போட்டுடுவோம், அவரு எடுத்துக்குவாரு" என்றான். என்மேல் பரிதாபப்பட்டான். அரங்கத்துக்காக நான் செய்த ஆள் உயரப் பெட்டி அது. பின்பலகையைக் கழற்றி, உள்ளே நுழைந்து உட்கார்ந்து, முன்பலகையில் பென்சிலால் வட்டம் போட்டான். நான் பின்பலகையை எடுத்து மாட்டினேன். இருபத்துநான்கு திருகாணி, விளிம்பெல்லாம் பசை. வேலையென்றால் எனக்கு ஒழுங்கு வேண்டும்.

உள்ளிருந்து தட்டினான். பலகை அதிர்கிறதா என்று நாங்களும் விரல் முட்டியால் தட்டித்தான் பார்ப்போம். மந்தமாகக் கேட்டது. அதிர்வே இல்லை.

தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவரு அங்கயா இருக்காரு?"

"வேலையா இருக்காருமா" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், கூம்பைக் கிழித்துக்கொண்டு ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "மச்சான், மூச்சு..." என்றான். கிழிந்த கூம்பை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டி பாடும்? விரலை மெதுவாக உள்ளே தள்ளி, மெல்லிய காகிதம் வைத்துப் பசை தடவினேன். காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். மறுபடி விரல் வரவில்லை.

கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், ஐயா: அரங்கத்துக்காரர் என் பெட்டியை மறுபடி கேட்க எப்போது வருவார்?