ஒரே மூச்சில் சொன்ன பொய்

ஏலக்கூடத்தைக் கட்டிக் காக்கும் தலைவர் அவர்களே! ஈரத் தரையில் நின்றே நரை கண்ட பெரியோர்களே! கூடை கனத்தாலும் குரல் தாழாத தாய்மார்களே! முன்வரிசையில், கழுத்தில் துண்டைச் சுற்றி அமர்ந்திருக்கும் என் மைத்துனரே! வணக்கம்.

இன்று அவருக்கு விடை கொடுக்கிறோம். மீன் ஏலத்தில் அவர் குரல் வெறும் குரலா? வெண்கலம்! "மூன்றாம் தரம்" என்று அவர் முடித்தால் மறுபேச்சு உண்டா? எதிர்வரிசையில் ஏலம் கூவிய நானே வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள் அம்மா, என் தொண்டையின் லட்சணம் எனக்கும் தெரியும்.

அந்த வெண்கலத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டால் குரல் பிழைக்கும் என்றார்கள். அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டார்: "படுத்தா மூச்சு முட்டுதா?"

வியாபாரி எதிரே மூச்சு வாங்கினால் விலை விழுந்துவிடும் என்பது நம் தொழில் வழக்கமல்லவா? அதை இவர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார். நிமிர்ந்து அமர்ந்து, ஏலக் குரலில், ஒரே மூச்சில் சொன்னார்: "எனக்கா டாக்டர்? படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்!" கூடப் போன நாங்கள் கைதட்டினோம். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

அவர் மனைவி, எனக்குத் தங்கை முறை, அவள் மட்டும் சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் அவர் படுக்கவே இல்லை, ஐயா! மேசைமேல் தலையணையில் நெற்றியைச் சாய்த்து, உட்கார்ந்தே உறங்கினார். சொல்ல வாயெடுத்தவளைக் கண்ணாலேயே அடக்கினார். அறுவைத் தேதி தள்ளிப்போகுமே என்ற பயம்!

அறுவை நாளன்று டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். "படுக்க வெச்சு மயக்கம் கொடுத்ததும் கட்டி வழியை அடைச்சிடுச்சு. அடைச்ச வழியில அவர் மூச்சை இழுத்த இழுப்புல நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு. உட்கார்ந்துதான் தூங்குறார்னு தெரிஞ்சிருந்தா, முழிச்சிருக்கும்போதே மூச்சுக்குக் குழாய் போட்டிருப்போம். நானும் அந்தக் குரலை நம்பிட்டேன்" என்றார்.

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, அண்ணே" என்று தங்கை என் தோளில் விழுந்தாள்.

உயிர் திரும்பியது, குரல் திரும்பவில்லை. வாரக்கணக்கில் குழாயோடு கிடந்ததில் குரல்வளை தழும்பேறிவிட்டது. பிறகு கழுத்தில் திறந்த வழியே இன்றும் அவருக்கு மூச்சு.

யாரிடம் மறைத்தோம்? விலை பேச வந்தவரிடமா? உயிர் காக்க வந்தவரிடம்! குறட்டையைச் சொல்லுங்கள்! இளைப்பைச் சொல்லுங்கள்! உட்கார்ந்து உறங்குவதைச் சொல்லுங்கள்! எதைச் சொல்ல வெட்கமோ, அதை முதலில் சொல்லுங்கள்!

நம் வழக்கப்படி முடிக்கிறேன். ஒரு தரம்! இரண்டாம் தரம்! மூன்றாவது அவருடையது. அதை நான் கூவ மாட்டேன். பின்னால் கொஞ்சம் பேசாமல் இருங்கள். அதோ, உதடு அசைகிறது. கேட்கிறதா? மூச்சு மட்டும்தான் கேட்கிறது. அது போதும் என்கிறாள் தங்கை. எனக்குப் போதவில்லை.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. மைத்துனரே, உங்களுக்கு என் வணக்கம்.